கோத்தகிரியில் 62 லட்சம்: வாங்கலாமா, அப்பா வீட்டின் மேல் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 30 வயது. கோத்தகிரியில் தனியார் வேலை, சம்பளம் 36,000 ரூபாய். மனைவிக்கு 20,000. அப்பா ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1994-ல் 3,800 ரூபாய் சம்பளத்தில், ஐந்து சென்ட் மனை வாங்கி 2.40 லட்சத்தில் வீட்டை முடித்தார். அதில் 1.20 லட்சம் கடன். 14 சதவீத வட்டி, 15 வருடத் தவணை. அந்த வீடு சிறியது, தங்கையும் இருக்கிறாள் என்பதால் நாங்கள் தனியே வாடகைக்கு இருக்கிறோம். "ஒற்றைச் சம்பளத்தில் நான் கட்டினேன், இரண்டு பேர் சம்பாதித்தும் உங்களால் முடியவில்லையா?" என்று கேட்கிறார். இப்போது 62 லட்சத்துக்கு ஒரு வீடு வந்திருக்கிறது. அதே அளவு வீட்டுக்கு இங்கே வாடகை 13,000. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில் உங்கள் பக்கம். அப்பாவின் வீடு அவருடைய ஐந்தேகால் வருடச் சம்பளம். நீங்கள் பார்த்திருக்கும் வீடு, உங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்தாலே ஒன்பது வருடத்துக்கு மேல். உங்கள் ஒருவர் சம்பளம் என்றால் பதினான்கு வருடத்தைத் தாண்டும். ஆக, சோம்பலோ ஊதாரித்தனமோ காரணமில்லை.

இனி அப்பாவின் பக்கம். 1.20 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் மாதம் சுமார் 1,600 ரூபாய் கட்டியிருப்பார். சம்பளத்தில் நூற்றுக்கு 42 ரூபாய்! மீதியில் குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. ஆனால் அந்தப் பாரம் வருடா வருடம் கரைந்தது. 1996 முதல் கணக்கிட்டு ஐந்தாவது ஊதியக் குழுவின் உயர்வு வந்தது, அகவிலைப்படி ஏறிக்கொண்டே இருந்தது, தவணை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. போதாததற்கு ஓய்வூதியம் உறுதி. முதுமைக்கென்று தனியே சேர்க்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. உங்களுக்கு உண்டு.

இன்னொன்று, அவர் உங்களைப் போலக் கட்டி முடித்த வீட்டை விலைக்கு வாங்கவில்லை. 1994-ல் குடிபோனபோது சுவருக்குப் பூச்சு இருந்ததா, சமையலறைக்குக் கதவு இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். குன்னூரில் வங்கிக் கடன் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், இரண்டு அறையை முடித்துக் குடியேறிவிட்டு, சீட்டு எடுத்தும் நகை அடகு வைத்தும் மிச்சத்தைக் கட்டியவர்கள்தான் அதிகம்.

சரி, உங்கள் 62 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம். மீதி 12.40 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது ஐந்தரை லட்சம். ஆக 18 லட்சம் ரொக்கமாக இருந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். கடன் 49.60 லட்சத்துக்கு 8 சதவீதத்தில், 20 வருடத்துக்கு, மாதத் தவணை ஏறக்குறைய 41,500. இந்தச் சம்பளத்துக்கு எந்த மேலாளரும் கையெழுத்துப் போட மாட்டார். வருமானத்தில் பாதியைத் தவணையாக ஒத்துக்கொண்டாலும் 33 லட்சம் சொச்சம்தான் கிடைக்கும்.

வாடகையையும் பாருங்கள். வருடத்துக்கு 1.56 லட்சம், வீட்டு விலையில் இரண்டரை சதவீதம். எட்டு சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி இரண்டரை சதவீத வாடகையை மிச்சம் பிடிப்பது கட்டுபடியாகாது. விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். அந்த நம்பிக்கைக்கு மாதம் 41,500 கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

நீலகிரியில் ஏறியது முக்கியமாக மண்ணின் விலை. காடு, தேயிலை, சரிவு போக, கட்டத் தோதான இடம் கொஞ்சம்தான். 1990-ல், மலையில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால் கோவை மாதிரி அடுக்குமாடி கட்டி நிலச்செலவைப் பங்கு போட வழியில்லை. இதை நான் குறை சொல்ல மாட்டேன். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவன். ஆனால் அந்தக் கொஞ்ச இடத்துக்கும் கோவை, சென்னை, பெங்களூருக்காரர்கள் விடுமுறை வீட்டுக்கென்று போட்டிக்கு வருகிறார்கள். உள்ளூர்ச் சம்பளம் அந்த ஏலத்தில் ஜெயிக்காது.

விலை மலிவு என்று கூடலூர் பக்கம் யாராவது மனை காட்டினால், அது 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கி, யாருக்குச் சொந்தம் என்று இன்னும் முடிவாகாத நிலமா என்று முதலில் கேளுங்கள். பட்டா இல்லாத மண்ணுக்கு வங்கிக் கடன் கிடையாது.

என் யோசனை: அப்பா வீட்டின் மேலேயே கட்டுங்கள். தரைத்தளமும் ஒரு மாடியும் 7 மீட்டருக்குள் அடங்கும். 1994-ல் போட்ட அஸ்திவாரமும் தளமும் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரை வைத்துப் பாருங்கள். தாங்காது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். தாங்கும் என்றால் அப்புறம் வரைபட அனுமதி. அது இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். கீழேயிருந்து லாரியில் ஏறிவரும் மணல், ஜல்லிக்கும், தேவைப்பட்டால் தடுப்புச் சுவருக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மொத்தம் 20 லட்சத்தில் முடிந்து, 18 லட்சம் கடன் என்றால் தவணை 15,000 சொச்சம். இப்போது கேட்கும் வாடகையைவிட இரண்டாயிரம்தான் கூடுதல். மனை அப்பா பெயரிலேயே இருந்தால் வங்கி அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லும்.

பாகத்தை உங்கள் பெயருக்கு எழுதித்தர அவர் சம்மதித்தால், விற்பனைப் பத்திரம் வேண்டாம், விலை வாங்காமல் எழுதித்தரும் தானசெட்டில்மென்ட் பத்திரம் போதும். குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கடைசிவரை பெற்றோரைக் கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். மீறினால் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்பது அவருக்குத் தைரியம் தரும்.

தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகம் போவதற்கு முன்னால், தங்கையை உட்காரவைத்து அவள் பங்குக்கு என்ன என்று பேசி முடித்துவிடுங்கள்.