ஒயரை மாட்டியும் படம் வரவில்லையே?

கேள்வி: காரைக்குடி பக்கம் கோட்டையூரில் இருக்கிறோம். மகன் பொறியியல் படிக்கிறான். கிராபிக்ஸ் கார்டு போட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதில் கைக்காசு தீர்ந்துவிட்டது. மானிட்டருக்கு, எங்கள் அப்பச்சி கடைக் கணக்குக்கு வைத்திருந்த 17 அங்குல எல்.சி.டி.யையே மாட்டலாம் என்றேன். அதில் நீல நிற விஜிஏ சொருகி மட்டும்தான். கார்டிலோ ஒரு ஹெச்டிஎம்ஐ, மூன்று டிஸ்ப்ளே போர்ட். ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று ஒரு ஒயரைக் கடையில் கொடுத்தார்கள். மாட்டினால் 'நோ சிக்னல்' என்று ஓடுகிறது. மானிட்டர் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணே. 'நோ சிக்னல்' என்று எழுத்து ஓடுகிறதே, அதுவே மானிட்டருக்கு உயிர் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. குற்றம் ஒயரில்.

விஜிஏ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே அதில் போகும். ஹெச்டிஎம்ஐயில் போவது வெறும் எண்கள். எண்ணை மின்னழுத்தமாக மாற்ற நடுவில் ஒரு சிப் வேண்டும். உங்கள் ஒயரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இரண்டு முனையிலும் சாதாரண சொருகிதான், சிப் இருக்க வாய்ப்பில்லை. 'முன்னெல்லாம் சின்ன சொருகி ஒன்றிலேயே வேலை முடிந்ததே' என்று யாராவது சொன்னால் அதுவும் நிஜம்தான். அன்றைய கார்டுகளின் டிவிஐ-ஐ துளையில் அனலாக் சிக்னலும், அதாவது விஜிஏக்கு வேண்டிய அந்த மின்னழுத்தமும், சேர்ந்தே வந்தது. என்விடியா கம்பெனி கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 900 வரிசையோடு அது முடிந்தது. 2016-ல் வந்த 10 வரிசையில் இல்லை.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது, அந்தச் சிப்பை உள்ளே வைத்த 'டிஸ்ப்ளே போர்ட் டு விஜிஏ ஆக்டிவ் கன்வெர்ட்டர்'. சில நூறு ரூபாய்தான். 'விஜிஏ டு ஹெச்டிஎம்ஐ' என்று இருந்தால் தொடாதீர்கள். அது நேர் எதிர்த் திசைக்கானது, திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டரும் கிடைக்கும். ஆனால் ஹெச்டிஎம்ஐ துளை உறுதியாகத் தரும் மின்சாரம் 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர் மட்டுமே. டிஸ்ப்ளே போர்ட் 3.3 வோல்ட்டில் 500 தரும். சிப்புக்குத் தீனி போதாவிட்டால் படம் வரும், பத்து நிமிடத்தில் போகும். ஹெச்டிஎம்ஐதான் கிடைத்தது என்றால் பக்கவாட்டில் யுஎஸ்பி மின்சாரம் கொடுக்கத் துளை உள்ளதாகப் பாருங்கள்.

அதற்கு முன், காசில்லாமல் ஒரு சோதனை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் மதர்போர்டிலேயே விஜிஏ துளை இருந்தால், பழைய விஜிஏ ஒயரை அதில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. பிராசஸர் இன்டெல்லாக இருந்து, அதன் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அங்கே படம் வராது.

ஒயருக்குக் கொடுத்த காசு? பில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் தர மறுப்பதும், பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் (கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள்) திரும்ப வாங்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இன்ன கார்டு, இன்ன மானிட்டர் என்று சொல்லித்தான் வாங்கினீர்கள் என்றால் தைரியமாகப் போய் மாற்றிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நானாக இருந்தால் முதலில் கன்வெர்ட்டராக மாற்றித் தரச் சொல்லி, மிச்சக் காசைக் கொடுத்து முடித்துக்கொள்வேன்.

மானிட்டரை விற்கும் எண்ணம் வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் கிண்ணத்துக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைக்காது. பையன் ப்ரோகிராம் எழுத 17 அங்குலம் தாராளம். விளையாட்டுக்குத்தான் கார்டு வாங்கினான் என்றால் பின்னால் நல்ல மானிட்டர் வாங்கட்டும், இது பக்கத்தில் இரண்டாவதாக நிற்கும்.

மாட்டியதும் விண்டோஸில் 1280×1024, 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். எழுத்து மங்கலாகவோ படம் ஒரு பக்கம் தள்ளியோ இருந்தால் மானிட்டரில் 'ஆட்டோ' பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் சரியாகும். விஜிஏ வழியே சத்தம் வராது, ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், டிஸ்ப்ளே போர்ட் முனையில் பெரும்பாலும் கொக்கி இருக்கும். கழற்றும்போது அதன் பொத்தானை அழுத்தாமல் இழுத்துவிடாதீர்கள், கார்டின் துளையே பெயர்ந்து வந்துவிடும்.