கணினி கேள்வி–பதில்: எந்தக் கேபினெட்டை வாங்கலாம்?

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காக, உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே ஒரு கணினியை அமைத்துவருகிறோம். ரைசன் 5 5600ஜி புராசசர், மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றை வாங்கிவிட்டோம். பழைய கணினியில் இருந்த ஹார்டு டிஸ்க்கையும் மாட்ட வேண்டும். கேபினெட்டுக்கும் (பாகங்களைப் பொருத்தும் பெட்டி) எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் சாதனம்) சேர்த்து 5,500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் கண்ணாடியும், வண்ண விளக்குகளுடன் நான்கு ஃபேன்களும் உள்ள கேபினெட்டைக் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். எஸ்எம்பிஎஸ்ஸும் அதனுடனேயே வருகிறதாம். வாங்கலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்ட கேபினெட்டில், உள்ளே போக வேண்டிய காற்று கண்ணாடியின் ஓரங்களில் விடப்பட்டிருக்கும் குறுகிய இடைவெளி வழியாகத்தான் போயாக வேண்டும். பின்னால் எத்தனை ஃபேன் சுழன்றாலும் அந்த இடைவெளி அகலமாகிவிடாது. மேலும், இந்த விலையில் கிடைக்கும் வண்ண விளக்கு ஃபேன்களில் பல, மதர்போர்டில் இணைக்கப்படாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு முனைச் செருகியில் நேரடியாக இணைக்கப்படுபவை என்பதால், அவற்றின் வேகத்தைக் குறைக்க வழியில்லை. கணினி சும்மா இருக்கும்போதும் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும். இரவு நேரத்தில் படிக்கும் பெண்ணின் அறைக்கு அந்த இரைச்சல் எதற்கு? உங்கள் புராசசரின் வெப்ப அளவு 65 வாட்தான். படம் காட்டும் வசதி அதனுள்ளேயே இருப்பதால் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லை. முன்னால் காற்றை உள்ளிழுக்க ஒன்று, பின்னால் வெளியேற்ற ஒன்று என 120 மி.மீ. ஃபேன்கள் இரண்டு போதும்.

முன்பக்கம் வலை போன்ற துளைகளுடன் இருக்கும் கேபினெட்டைக் கேளுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் உங்கள் ஊரில் புழுதி எப்படிப் பறக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே வலைக்குப் பின்னால் தூசி வடிகட்டி இருக்கிறதா என்பதோடு, அதை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கையாலேயே கழற்றிக் கழுவ முடிகிறதா என்பதையும் கடையிலேயே செய்து பாருங்கள். அடிப்பக்கத்தில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கென இருக்கும் வடிகட்டி பெரும்பாலும் பின்புறமாக இழுக்கும்படியே அமைந்திருக்கும். மேசைக்கடியில் சுவரோரமாக வைத்துவிட்டால் அதை வெளியே எடுக்கக் கேபினெட்டையே நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால், நாளடைவில் யாரும் அதைத் தொடுவதில்லை. முன்புறமாகவோ பக்கவாட்டிலோ இழுக்க முடிந்தால் நல்லது.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு அதிகபட்சம் 244 மி.மீ. நீளமும் அதே அகலமும் கொண்டது. முழு ஏடிஎக்ஸ் போர்டு 305 மி.மீ. நீளம் வரை வரும். சிறிய போர்டுக்குச் சிறிய கேபினெட் போதும் என்று தோன்றினாலும், விலையில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டால் முழு ஏடிஎக்ஸ் போர்டும் பொருந்தும் மிட் டவர் வகையையே வாங்குங்கள். முதல்முறையாகக் கணினி சேர்ப்பவரின் கை உள்ளே தாராளமாகப் போய்வர இடம் வேண்டும். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுகளும் துளையிடங்களும் இன்றுவரை பெரிதாக மாறவில்லை என்பதால், சில ஆண்டுகள் கழித்துப் புராசசரையும் போர்டையும் மாற்றும்போதும் இதே கேபினெட் உதவும். மினி ஐடிஎக்ஸ் வகைக் குட்டிப் பெட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் உங்கள் போர்டு நுழையாது.

கடையில் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடலாம். தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் டப்பா மூடியைப் போல் அமுங்கி எழுகிறது என்றால், ஃபேன் ஓடும்போது அது அதிரும். உட்புற விளிம்புகள் மடித்துவிடப்பட்டிருக்க வேண்டும். வெட்டியபடியே விடப்பட்ட விளிம்பு கையைக் கிழிக்கும். பின்புறத்தில் கார்டுகளுக்கான இடங்களை மூடியிருக்கும் தகடுகள் ஸ்க்ரூவில் மாட்டப்பட்டவையா, முறித்தெடுக்கும் வகையா என்று கவனியுங்கள். முறித்தெடுத்ததைத் திரும்ப மாட்ட முடியாது; அந்தச் சந்து கரப்பான்பூச்சிக்கும் பல்லிக்கும் நிரந்தர வாசலாகிவிடும்.

பழைய ஹார்டு டிஸ்க் 3.5 அங்குலமாக இருந்தால் அதற்கான கூடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இப்போது வரும் பல கேபினெட்டுகளில் அது அடியில், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எதிரே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் உபரி வயர்களையும் அந்த இடத்தில்தான் திணிக்க வேண்டும் என்பதால், இரண்டுக்கும் நடுவே கைப்பிடி அளவு இடமாவது இல்லாவிட்டால் மாட்டும்போது திணறிப்போவீர்கள். முன்பக்க யுஎஸ்பி 3.0க்கான தடித்த வயரில் 19 முனைச் செருகி இருக்கும். அதற்கு இணையானது உங்கள் போர்டில் இருக்கிறதா என்று போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டைப் சி முகப்புக்கும் இது பொருந்தும். போர்டில் இடமில்லாமல் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

பக்கக் கண்ணாடி காற்றோட்டத்தைப் பெரிதாகக் கெடுக்காது. இருப்பினும், கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் தரையில் ஓரம் படும்படி நிறுத்தினால், அது ஒரு நொடியில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சுத்தம் செய்வதற்காக அடிக்கடி கழற்றப்போகும் தகடு என்பதால், நான் இரும்புத் தகட்டையே விரும்புவேன்.

கேபினெட்டுடன் வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், மலிவான கேபினெட்டுடன் வருபவற்றில் பல அந்த அளவைத் தொடர்ச்சியாகத் தருவதில்லை. உங்கள் 5,500 ரூபாயை ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரித்து, 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றுள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் கேபினெட்டில் குறைத்துக்கொள்ளுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 2008இல் வாங்கிய ஏடிஎக்ஸ் கேபினெட் நல்ல நிலையில் இருக்கிறது. புதிய மதர்போர்டை அதிலேயே மாட்டலாமா? – வாசகர், வேலூர்

பதில்: தாராளமாக மாட்டலாம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினிக்குப் புதிய கேபினெட் கட்டாயமில்லை. போர்டைப் பொருத்துவதற்கு முன், அடித்தட்டில் உள்ள பித்தளைத் தாங்கிகளைப் போர்டின் துளைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, துளை இல்லாத இடத்தில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். மறந்துவிட்டால் அது போர்டின் பின்புறத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும்.

பழைய கேபினெட்டில் பவர் விளக்குக்கான செருகி பெரும்பாலும் மூன்று துளை அகலத்தில், நடுத்துளை காலியாக இருக்கும்; இன்றைய போர்டுகளிலோ அதற்கு அடுத்தடுத்த இரண்டு முனைகளே இருக்கின்றன. குண்டூசியால் செருகியின் பிளாஸ்டிக் நாக்கை லேசாகத் தூக்கி, ஓரத்து வயரை மெல்ல உருவி நடுத்துளையில் செருகினால் பொருந்திவிடும். முன்பக்க யுஎஸ்பி 2.0 செருகி இப்போதும் பொருந்தும், யுஎஸ்பி 3.0 வேண்டுமென்றால் பின்புறத் துளைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். உங்களுடையது பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்து முழுமையாக விற்கப்பட்ட அலுவலகக் கணினியின் பெட்டியாக இருந்தால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். அவற்றில் பல பொது அளவுகளைப் பின்பற்றுவதில்லை.

கேள்வி: புதிய கேபினெட்டின் பின்புற ஸ்க்ரூவைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. கேபினெட்டை மாற்ற வேண்டுமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: குறை பெரும்பாலும் கேபினெட்டில் இருக்காது, எர்த் இணைப்பில்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் மின்வழியையும் உலோகப் பெட்டியையும் இணைக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் வீட்டு மின்னழுத்தத்தில் பாதியளவு பெட்டியில் நிற்கும். பெயின்ட் பூசிய பகுதியில் தெரியாதது, பூச்சில்லாத ஸ்க்ரூவில் தெரிகிறது. பொதுவாக இதில் பாயும் மின்சாரம் மிகச் சிறியதே. ஆனாலும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே கசிவு ஏற்பட்டாலும் இதே போலத்தான் தொடங்கும் என்பதால், எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த மூன்று முனைப் பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று சோதிக்கும் வரை கணினியைப் பயன்படுத்த வேண்டாம். இடையில் இரண்டு முனை எக்ஸ்டென்ஷன் ஏதாவது இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.