பட்டாளத்து வீட்டுக் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்துதான் இந்த முறையும் கடிதங்கள் அதிகம். கம்மவான்பேட்டைக்கு 'மிலிட்டரி பேட்டை' என்றே பேர். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் இருந்த பெண்கள் பட்ட பாடு எந்தக் கல்லிலும் இல்லை. அதனால் அவர்களின் கடிதங்களுக்கு இங்கே கொஞ்சம் தாராளமாகவே இடம் கொடுக்கிறேன். நானும் ஒரு சுபேதாரின் மனைவி. வடக்கே குவார்ட்டர்ஸிலும் இருந்திருக்கிறேன், ஊரில் மாமியார் வீட்டில் காத்தும் கிடந்திருக்கிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவர் ஃபீல்டில், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடத்தில், இருக்கிறார். கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருக்கிறேன். சில சமயம் பத்து நாள் கூட போன் வராது. டிவியில் எல்லைச் செய்தி ஓடினால் சோறு இறங்குவதில்லை. "உனக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம் வருது" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் யாரிடம் பேசுவது? – பெயர் வேண்டாம், அணைக்கட்டு

கண்ணு, முதலில் போன் விஷயம். மேலே இருக்கிற போஸ்ட்டுகளில் பல இடத்தில் டவரே கிடையாது. யூனிட் இடம் மாறும்போது போனைத் தொடக்கூடாது என்று உத்தரவு வரும். குளிரில் பேட்டரி நிற்காது. பத்து நாள் போன் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றுதான் காரணம். உண்மையிலேயே சொல்ல வேண்டிய சேதி ஏதாவது இருந்தால் அது யூனிட்டிலிருந்து முறைப்படி உங்கள் வீட்டுக்குத்தான் வரும். டிவியில் ஊர் பேர் தெரியாத ஒருவர் கத்துவதைக் கேட்டு நீ பட்டினி கிடக்க வேண்டாம். அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிடு. நான் அப்படித்தான் செய்தேன். வீட்டில் யார் கோபித்துக்கொண்டாலும் சரி என்று அணைத்தேன்.

அடுத்த லீவில் அவர் வந்ததும் ஒரு நோட்டை எடுத்து உட்கார வை. அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், ரெக்கார்டில் இருக்கிறபடி முழுப் பெயர், யூனிட் பெயர், ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் முகவரி, அவருடைய சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கிற ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது, எல்லாம் எழுதிக்கொள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது குன்னூர் பக்கம் வெலிங்டனில். சிக்னல்ஸ், ஏ.எஸ்.சி. என்று வேறு பிரிவானால் வேறு ஊர். அப்புறம் அவருடைய சீனியர் சாகிப் ஒருவரின் போன் நம்பர். அதே யூனிட்டில் இருக்கிற இன்னொருத்தர் மனைவியின் நம்பரும் கட்டாயம் வேண்டும். உனக்குப் போன் வராத அன்று அவளுக்கு வந்திருக்கும். "எல்லாரும் நல்லா இருக்காங்களாம் அக்கா" என்று அவள் சொல்கிற ஒரு வரி போதும், அன்றைக்கு ராத்திரி தூங்கலாம்.

படைவீரர் மனைவியருக்கென்று ஆவா என்கிற நலச்சங்கம் 1966-லேயே பதிவானது. ஒவ்வொரு யூனிட்டிலும் கமாண்டிங் ஆபீசரின் மனைவி, சுபேதார் மேஜரின் மனைவி என்று குடும்பங்களைக் கவனிக்கிற பெண்கள் இருப்பார்கள். ஆனால் கன்டோன்மென்ட்டில் குடியிருக்கிற பெண்களுக்குத்தான் இது சுலபமாகக் கிடைக்கிறது. அணைக்கட்டில் மாமியார் வீட்டில் இருக்கிறவளைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை. இது எனக்கு இன்றைக்கும் உள்ள வருத்தம். அதனால் நீயே போன் பண்ணு. "நான் இன்னாரோட வீட்டம்மா பேசறேன், கைக்குழந்தையோட ஊர்ல இருக்கேன்" என்று சொல்லிவை. உன் பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஊரிலும் பார். சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்து வீடு உனக்கு மட்டுமா இருக்கப் போகிறது? எங்களுக்கெல்லாம் சாமான் வாங்க மிலிட்டரி கேன்டீன் போகிற நாள்தான் சங்கம் கூடுகிற நாள். தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ பிடிப்போம். ஒருத்தி கையில் நாலு வீட்டுச் சாமான் சீட்டு இருக்கும். குக்கர், ஹார்லிக்ஸ், துணி சோப்பு, யார் வீட்டு மாமனாருக்கோ ஃபிளாஸ்க். திரும்பும்போது பைகளைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, குழந்தையை யார் மடியில் இடம் இருக்கிறதோ அங்கே போட்டுவிட்டு, வீடு வருகிற வரைக்கும் பேச்சுத்தான். யாருக்கு லீவு கேன்சல் ஆனது, யார் மாமியார் என்ன சொன்னார், எந்த டாக்டர் குழந்தையைப் பொறுமையாகப் பார்க்கிறார், எல்லாம் அங்கேதான் தெரியவரும். ராத்திரி குழந்தைக்கு ஜுரம் வந்தபோது ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தவளும் அந்த ஆட்டோவில் பழக்கமானவள்தான்.

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடு: அவர் எங்கே இருக்கிறார், யூனிட் எப்போது கிளம்புகிறது, எந்த ரயிலில் வருகிறார், யூனிஃபார்ம் போட்டோ, இதெல்லாம் அதில் போடக்கூடாது. உன் குரூப்பில் யாரோ ஒருவர் அனுப்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

மாமியாரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அவரும் அதே போனுக்குத்தான் காத்திருக்கிறார். போன் வந்ததும் முதல் இரண்டு நிமிஷம் அவரிடம் கொடு. பிறகு நீ மாடிக்குப் போய்ப் பேசிக்கொள். சம்பளக் கணக்குப் பேசுகிறவர்களுக்கு, "வருது, ஆனா சம்பளம் வந்து பிள்ளையைத் தூக்கிக்காது" என்று நேராகவே சொல். சொல்லலாம், தப்பில்லை.

தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்து, குழந்தையைத் தூக்கக்கூட மனசில்லை என்கிற நிலை வந்தால் தள்ளிப்போடாதே. பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு இப்படி ஆவது உண்டு, மருந்தில் சரியாகும். 14416 என்கிற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

என் ஆதாரில் ஒரு மாதிரியும் கணவரின் ஆர்மி ரெக்கார்டில் வேறு மாதிரியும் என் பெயர் இருக்கிறது. அவர் சர்வீஸில்தான் இருக்கிறார். இப்போதே மாற்ற வேண்டுமா? – வாசகி, குடியாத்தம்

இப்போதே. இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது தீராத தலைவலி. நமக்கு இனிஷியல்தான் பழக்கம். வடக்கே இருக்கிற கிளார்க்குக்குக் குடும்பப் பெயர் வேண்டும். அப்பா பெயரைக் கடைசியில் ஒட்டிவிடுவார். கலைச்செல்வி அங்கே 'கலை செல்வி' என்று இரண்டாக உடைந்துவிடுவாள். சரஸ்வதிக்கு ஆங்கிலத்தில் வி போடுவதா, டபிள்யூ போடுவதா என்பதில் ஒருத்தியின் ஃபேமிலி பென்ஷன் மாதக்கணக்கில் நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கணவரைப் பறிகொடுத்தவள், அந்த ஒரு எழுத்துக்காக நோட்டரியிடமும் தாலுகா ஆபீசிலும் போய் நின்றாள்.

கல்யாணம், குழந்தை பிறப்பு என்று குடும்பத்தில் எது நடந்தாலும் அது 'பார்ட் டூ ஆர்டர்' என்கிற பதிவு உத்தரவாக வெளிவந்தால்தான் ராணுவத்தின் கணக்கில் அது நடந்தது. கணவர் சர்வீஸில் இருக்கும்போது திருத்துவது சுலபம்: யூனிட் ஆபீசில் ஆதாரம் கொடுத்தால் வேலை நடக்கும். ரிட்டயர் ஆனபின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதி அலைய வேண்டும். அவர் இல்லாத காலத்தில் அந்த அலைச்சல் முழுக்க உங்கள் தலையில் விழும். ஆதார், பான், பேங்க் பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆர்மி ரெக்கார்டு எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் ஒரே பெயர் இருக்கட்டும். கல்யாணத்தைப் பதிவு செய்யாதவர்கள் அதையும் முடியுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி அது கட்டாயம். ராணுவத்தின் குரூப் இன்ஷூரன்ஸில் நாமினி யார் என்பதையும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்தவர்கள் பலர் பிறகு அந்தப் படிவத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. அம்மாவுக்கும் ஒரு பங்கு, மனைவிக்கும் ஒரு பங்கு என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி எழுதுவது நல்லது. லீவு முடிகிற கடைசி நாளில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

கணவர் எல்லையில் இருக்கிறார். பங்காளி எங்கள் நிலத்துக்குள் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். தனியாள் என்று மிரட்டுகிறார். – வாசகி, ஆம்பூர் அருகில்

மிரட்டலுக்குப் போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அளந்து தரச் சொல்லி சர்வேயருக்கு மனு போடுங்கள், பட்டா, புலப்படம் கையில் இருக்கட்டும். அதே நேரம் கணவர் தன் யூனிட்டில் விண்ணப்பம் கொடுக்கட்டும். அங்கிருந்து கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் கடிதம் வரும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பெயரில்தான் 'முன்னாள்'. சர்வீஸில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அது உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கென்று கலெக்டர் நடத்தும் சிறப்புக் குறைதீர்க்கும் நாள் எப்போது என்று அங்கே கேட்டு, நேரில் போய் மனு கொடுங்கள். பங்காளி கோர்ட்டுக்குப் போனாலும் பயப்படாதீர்கள். போர்முனை போன்ற இடத்தில் இருந்து வரமுடியாத சிப்பாயின் வழக்கை அவர் இல்லாமல் நடத்தித் தீர்க்கக்கூடாது என்று 1925-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. வக்கீலிடம் 'இந்திய சிப்பாய்கள் வழக்குச் சட்டம்' என்று சொல்லுங்கள். பலருக்கு நினைவுக்கு வராது.

என் மகன் அக்னிவீர், நாலு வருஷத்துக்கு மட்டும் எடுக்கிற சிப்பாய். ரெகுலர்காரர்களுக்குக் கிடைக்கிற லீவு அவனுக்கு இல்லையாம். தீபாவளிக்கு வரவில்லை. நாலு வருஷம் கழித்து என்ன ஆவான் என்று கவலை. – ஒரு தாய், ஆற்காடு

ஆமாம் அம்மா, வருஷத்துக்கு 30 நாள்தான் அவனுக்கு. மற்றவர்களுக்கு ஆண்டு லீவே 60 நாள். வருகிற லீவை முழுதாக உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு அவனை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நாலு வருஷம் முடிந்ததும் நாலில் ஒரு பங்குப் பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். மற்றவர்கள் சேவா நிதி என்கிற மொத்தத் தொகையோடு வெளியே வருவார்கள், பென்ஷன் கிடையாது. அதனால் அவன் பட்டப்படிப்பைத் தபால் வழியிலாவது இப்போதே தொடங்கட்டும். பணியில் இருக்கும்போது 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு இருக்கிறது. அதற்கு யார் நாமினி என்று கேளுங்கள். கேட்பது அபசகுனம் இல்லை.

அடுத்த மாதம் கணவரோடு வடக்கே குவார்ட்டர்ஸுக்குப் போகிறேன். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. என்னென்ன எடுத்துப் போகட்டும்? – புதுமணப்பெண், ஆரணி

சந்தோஷமாகப் போய் வா. சாம்பார் பொடி, புளி, நல்லெண்ணெய், உன் மருந்துகள், சான்றிதழ்களின் நகல் போதும். பாத்திரம் அங்கே வாங்கலாம். இந்தி தானாக வரும். குளிரில் இட்லி மாவு புளிக்காமல் கல்லாகக் கிடந்தபோது, நான் பாத்திரத்தோடு பக்கத்து வீட்டு கட்வாலிப் பெண்ணிடம் போய் நின்றேன். அவள் அதை வாங்கித் தன் ரஜாய்க்குள், அதுதான் பஞ்சுப் போர்வை, சுற்றிப் படுக்கையில் வைத்தாள். மறுநாள் பொங்கிவிட்டது. இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளிடம்தான் நான் இந்தி கற்றேன், அவள் என்னிடம் சட்னி கற்றாள்.

குடும்பத்தாருக்குத் தருகிற டிபெண்டன்ட் கார்டு போட்டதும் மிலிட்டரி ஆஸ்பத்திரி எங்கே, லேடி டாக்டர் எந்த நாள் என்று தெரிந்துகொள். வெல்ஃபேர் மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் சிப்பாய்தானே என்று பின்வரிசையில் ஒதுங்காதே. அந்தக் கூட்டங்களைப் பாட்டு, டான்ஸ் என்றே முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. குழாயில் தண்ணீர் வரவில்லை, ஸ்கூல் பஸ் வளைவில் நிற்பதில்லை என்று எழுந்து சொல்கிறவர்கள் இருந்தால்தான் ஏதாவது நடக்கும். அரைகுறை இந்தியிலேயே சொல். அவருக்கு மறுபடி ஃபீல்டு போஸ்டிங் வந்தால் ஊருக்கு மூட்டை கட்டுவதற்கு முன், பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் எங்கே காலியாக இருக்கிறது என்று விசாரிக்கச் சொல். காத்திருப்போர் பட்டியல் உண்டு, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் எழுது. பக்கத்து வீட்டுக்காரி எந்த ஊர் என்றும் எழுது.