மலாவிக்கு விவசாய ஊழியம்: புறப்படும் முன் கேட்ட கேள்விகள்

எங்கள் திருச்சபையிலிருந்து ஒரு குடும்பம் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்குப் போக ஆயத்தமாகிறது. கணவர் வேளாண் பட்டதாரி, மனைவி செவிலியர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், ஒன்றாம் வகுப்பில் மகன். அவர்களும், அவர்களை அனுப்புகிறவர்களும், இதே எண்ணத்தோடு காத்திருக்கும் வேறு சிலரும் கேள்விகள் எழுதிக் கொடுத்தார்கள். மத்திய மலாவியில் சிறு விவசாயிகளோடு பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குடும்பத் தலைவர்: அண்ணே, நான் வேளாண்மை படித்தவன். போய் இறங்கியதும் எங்கிருந்து ஆரம்பிக்க?

முதல் மழைக்காலத்தில் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்காதீர்கள் தம்பி. வீட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் கேட்டு வாங்குங்கள். ஒரு பாதியில் ஊர்க்காரர்கள் செய்கிறபடியே மக்காச்சோளம் போடுங்கள், மறுபாதியில் நீங்கள் நினைக்கிறபடி போடுங்கள். உங்கள் கையாலேயே களை எடுங்கள். மண்வெட்டி பிடிக்காத ஆலோசகர்களை அந்த ஊர்கள் நிறையப் பார்த்துவிட்டன.

மலாவியில் மழை ஒரே பருவம்தான். நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். நமக்குத் தென்மேற்கு ஏமாற்றினால் வடகிழக்கு இருக்கிறது. அங்கே விதைப்பைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பசி மாதங்கள்: குதிர் காலி, வயலில் பயிர் இன்னும் பச்சை. அந்த நாட்களில் தன் வயலில் களை எடுக்க வேண்டியவர் அன்றைய மாவுக்காக அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போவார். இந்தக் கூலி வேலையை ‘கான்யு’ என்பார்கள். அவருடைய வயலைக் களை மூடிவிடும், விளைச்சல் குறையும், அடுத்த ஜனவரியிலும் பசிதான். அவருக்கு விவசாயம் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்ததைச் செய்ய வேண்டிய வாரத்தில் அவர் வேறொருவர் வயலில் நிற்கிறார். உங்கள் யோசனை எதுவானாலும் அந்த வாரத்தில் அவருக்கு வேலையைக் கூட்டுமா, குறைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

மே, ஜூனில் போய்ச் சேர்ந்தால் நல்லது. அறுவடை முடிந்து மக்களுக்குப் பேச நேரம் இருக்கும். சிச்சேவா மொழியில் காதும் நாக்கும் பழக ஐந்து மாதம் கிடைக்கும்.

கோவை, வேளாண் கல்லூரி மாணவர்: ஆப்பிரிக்காவில் பல மிஷன்கள் ‘தேவனுடைய வழியில் விவசாயம்’ என்று ஒரு முறையைக் கற்றுக்கொடுக்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஜிம்பாப்வேயில் பிரையன் ஓல்ட்ரீவ் என்ற கிறிஸ்தவ விவசாயி 1980களில் தொடங்கியதிலிருந்து வளர்ந்த முறை அது. ஏர் ஓட்டுவதில்லை. மழைக்கு முன்பே வரிசையாகக் குழி எடுத்து, அதில் மட்டும் எருவோ உரமோ இட்டு, முதல் நல்ல மழைக்கு விதைத்து, காய்ந்த சருகால் மண்ணை மூடிவிடுவது. அரசாங்கங்களும் இதை எடுத்துக்கொண்டன. 2020-ல் ஜிம்பாப்வே அரசு ‘ஃபும்வுட்சா’ என்ற பெயரில் இதைப் பெரிதாக நடத்தியது. ஒரு பாத்தி 16-க்கு 39 மீட்டர், அதில் 1,456 குழி. சிறிய இடத்தை ஒழுங்காகச் செய்து ஒரு குடும்பத்தின் வருடச் சோற்றை எடுப்பதுதான் நோக்கம்.

முறை நல்லது. காலத்தில் விதைப்பதும், எருவை வீணாக்காமல் குழியில் வைப்பதும் எந்த மண்ணிலும் பலன் தரும். சிக்கல் சருகில்தான் வருகிறது. அறுவடை முடிந்ததும் ஆடு மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள், அவை தின்றுவிடும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். காய்ந்த காலத்தில் எலி பிடிக்கத் தீ வைப்பதும் உண்டு. ஆகவே ஒரு விவசாயி தன் வயலில் மட்டும் மூடாக்கு போட்டுக் காப்பாற்றிவிட முடியாது, ஊரே கூடிப் பேச வேண்டிய காரியம். குழி எடுப்பதும் கடினமான வேலை, முதல் வருடம் முதுகு ஒடியும். கால் ஏக்கருக்குக் குறைவாகவே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். ஒரு விவசாய முறையைச் சுவிசேஷத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ‘இப்படிச் செய்தால் கர்த்தர் ஆசீர்வதிப்பார்’ என்று சொல்லிக் கொடுத்த வருடம் பிப்ரவரியில் மழை நின்றுவிட்டால், அதை நம்பி விதைத்த ஒரு தாய் யாரைச் சந்தேகிப்பாள்? முறையை முறையாகக் கொடுங்கள், வேதத்தை வேதமாகக் கொடுங்கள்.

ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர், தூத்துக்குடி: மக்காச்சோளத்தையே நம்பியிருக்கும் மண்ணுக்குப் பயறுவகை கொடுக்கலாமே?

ஐயா, அதுதான் முதல் வழி. துவரை அங்கே புதிதல்ல. ‘நந்தோலோ’ என்று தெற்கு மலாவியில் நெடுங்காலமாகப் போடுகிறார்கள். நிலக்கடலையோடு சேர்த்துத் துவரை போட்டால், துவரை முதல் மாதங்களில் மெதுவாக வளர்வதால் கடலைக்கு இடைஞ்சல் இல்லை. கடலையை எடுத்த பிறகு துவரை எழும்பும், இலை உதிர்ந்து மண்ணுக்கே போகும். பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சுகிற சுடுமல்லிக் களை உள்ள மக்காச்சோள வயலில் பயிரை மாற்றிப் போடுவதும் உதவும்.

வட மலாவியில் எக்வெண்டெனி என்ற மிஷன் மருத்துவமனை 2000-ல் தொடங்கிய வேலையை, இந்தக் குடும்பம் மாதிரி போகிற எல்லாரும் படிக்க வேண்டும். ஊட்டச்சத்துக் குறைவோடு வந்த பிள்ளைகளே மறுபடியும் மறுபடியும் வந்தார்கள். அதனால் மருத்துவமனையே விவசாயத்தில் இறங்கியது. பயறு விதை கொடுத்தார்கள், எந்தப் பயிர் பொருந்தும் என்று விவசாயிகளே சோதித்துப் பார்த்து முடிவு செய்தார்கள். விளைந்த பயறு பிள்ளையின் தட்டுக்கு வர வேண்டுமே! அதற்காகச் சமையல் நாட்கள் நடத்தினார்கள், ஆண்களும் அடுப்படிக்கு வந்தார்கள். குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்பதில் பாட்டிகளின் சொல் எடுபடும் என்பதால் அவர்களையும் சேர்த்தார்கள். கணவர் வயலிலும் மனைவி மருத்துவத்திலும் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியாது.

விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தத் துவரைக்குப் பெரிய சந்தை நம் இந்தியாதான். 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு வைத்ததும் கிழக்கு ஆப்பிரிக்காவில் துவரை விலை விழுந்தது. பிறகு 2021-ல் மலாவியிலிருந்து வருடம் 50,000 டன் வரை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். டெல்லியில் எடுக்கிற முடிவு அங்கே ஒரு விதவையின் மூட்டை வரைக்கும் போகிறது. விற்கிறதற்கு மட்டும் என்று துவரை போடச் சொல்லாதீர்கள். முதலில் தின்ன, மீதி விற்க.

நாசரேத்திலிருந்து ஒரு சகோதரர்: மிஷன் பெயரில் பத்து இருபது ஏக்கர் வாங்கி மாதிரிப் பண்ணை வைத்தால் என்ன?

வேண்டாம். சிற்றூர் நிலம் பெரும்பாலும் தலைவர்களின் பொறுப்பில் உள்ள மரபுவழி நிலம். சரித்திரமும் இருக்கிறது. 1915-ல் ஜான் சிலெம்ப்வே என்ற பாஸ்டர் காலனி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். அதற்கு ஒரு முக்கியக் காரணம் தோட்ட நிலத்தில் குடியிருந்தவர்களிடம் வாடகைக்குப் பதில் வாங்கிய கட்டாய உழைப்பு. அந்தத் தோட்டம் டேவிட் லிவிங்ஸ்டன் மிஷனெரியின் சந்ததிக் குடும்பத்துக்குச் சொந்தமானது. இன்று ஜனவரி 15 சிலெம்ப்வே நாள், மலாவியில் அரசு விடுமுறை. வெளிநாட்டுக் கிறிஸ்தவர் நிறைய நிலம் பிடிப்பது அங்கே எந்த ஞாபகத்தை எழுப்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

மத்திய மலாவியின் சேவா மக்களிடம் நிலம் தாய்வழியில் இறங்குகிறது. பல ஊர்களில் கணவன்தான் மனைவியின் ஊருக்கு வந்து குடியேறுவான். மரம் நடச் சொல்லிக் கணவனிடம் மட்டும் பேசினால், ‘இது என் மண் இல்லையே’ என்று அவன் தயங்குவான். பெண்களையும், அவர்களுடைய தாய்மாமன்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

குடும்பத் தலைவி: அண்ணா, பிள்ளைகளின் உடல்நலம்தான் எனக்குப் பயம். நான் அங்கே செவிலியராக வேலை செய்யலாமா?

பயப்படுவது சரிதான் மா, மலேரியாவை லேசாக நினைக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, பிள்ளைகளைச் சீக்கிரம் தாக்கும். காய்ச்சல் வந்த அன்றே பரிசோதனை, நாளைக்குப் பார்ப்போம் என்பதே கூடாது. மருந்து தடவிய கொசுவலைக்குள் எல்லாரும் தூங்க வேண்டும். தடுப்பு மாத்திரையைப் பயண மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் முடிவு செய்யுங்கள். சின்னவனுக்கு எட்டு வயதுக்குக் குறைவு என்பதால் டாக்சிசைக்ளின் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். மலாவி ஏரி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் அங்கே உண்டு. நாணல் அடர்ந்த கரையோரத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

விமானம் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத்தான். ஆகவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்கலாம்.

வேலைக்கு மலாவி செவிலியர், மருத்துவச்சி கவுன்சிலில் பதிவு வேண்டும். அது கிடைக்கும் வரை, அவசரம் என்று எத்தனை பேர் வாசலில் நின்றாலும் ஊசி போட வேண்டாம். முதலுதவி செய்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மகள்: அங்கிள், அழைப்பு அப்பாவுக்கு வந்திருக்கிறது. எனக்கு வரலையே? என் ஸ்கூல், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் விட்டுட்டு நான் ஏன் வரணும்?

இந்தக் கேள்வியை நீ கேட்டது ரொம்ப நல்லது மா. உன் அப்பா அம்மா இதை ஜெபத்தில் மட்டும் வைத்துவிட்டு நகரக் கூடாது, உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். ‘ஆண்டவருக்காகப் பொறுத்துக்கொள்’ என்று வாயடைக்கப்பட்டு வளர்ந்த மிஷனெரி பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். அந்தக் காயம் சீக்கிரம் ஆறுவதில்லை.

அவர்களுக்கு நான் சொல்வது இது. லிலாங்வே, பிளாண்டையர் நகரங்களில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளிகள் உண்டு, கட்டணம் அதிகம். ஊழியம் கிராமத்தில் என்றால் விடுதியா, வீட்டிலேயே படிப்பா, அல்லது நகரத்துக்கு அருகிலேயே இடம் கேட்பதா என்பதை டிக்கெட் எடுக்கும் முன் தீர்மானியுங்கள். என் விருப்பம் மூன்றாவது. பிள்ளை வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகிற தூரத்தில் ஊழியத் தலத்தைக் கேட்டு வாங்குவதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. பிறகு இந்தியக் கல்லூரியில் சேரச் சமநிலைச் சான்று தேவைப்படும், மதிப்பெண் பட்டியல் ஒன்றையும் தொலைக்காதீர்கள். இரண்டாம் வருட முடிவில் தொடர்வதா திரும்புவதா என்று குடும்பமாகப் பேசுங்கள். அந்தப் பேச்சில் உன் வார்த்தைக்கும் எடை இருக்க வேண்டும்.

பாட்டி: பிள்ளைங்க அங்கே என்னத்தைச் சாப்பிடும்?

நம் களி மாதிரி மக்காச்சோள மாவில் கிண்டுகிற ‘ந்சிமா’தான் தினச் சாப்பாடு பாட்டி. கூடவே கீரை, பூசணி இலை, ஏரியில் பிடித்துக் காயவைத்த ‘உசிபா’ என்ற பொடி மீன். அரிசி கிடைக்கும், கரோங்கா பக்கம் விளைகிற கிலொம்பெரோ அரிசி நல்ல வாசனை. துவரை இருக்கிறது, முருங்கையும் இருக்கிறது. சாம்பார் பொடி மட்டும் இடித்துக் கொடுத்துவிடுங்கள்.

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பவர்: எங்கள் ஊர்ப் பெட்டியை அங்கே கொண்டுபோகலாமா?

1920களில் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் கிராம மறுமலர்ச்சி வேலை செய்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது சந்தோஷம். ஆனால் உங்கள் ஊரில் வைக்கிற நியூட்டன் பெட்டி நம் நாட்டுத் தேனீயின் அளவுக்குச் செய்தது. அங்குள்ளது வேறு இனம், உருவத்தில் பெரியது, சீண்டினால் கூட்டமாகத் துரத்தும். கென்யாவில் உருவான, மேலே கட்டைகளை வரிசையாக வைத்த மேல்கட்டைப் பெட்டியை உள்ளூர் தச்சரே செய்யலாம். வீட்டையும் ஆட்டுப்பட்டியையும் விட்டுத் தள்ளி வையுங்கள், இருட்டுகிற நேரத்தில் தேன் எடுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு சகோதரி: நல்ல விதைகளைப் பெட்டியில் எடுத்துப் போகலாமா?

கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாத விதை சட்டவிரோதம், நோயும் கூடவே போகும். மக்காச்சோளத்தைத் தின்னும் அமெரிக்கப் படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவுக்குள் வந்து ஒரு சில வருடங்களில் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவியதை நினைத்துப் பாருங்கள். எக்கோ என்ற கிறிஸ்தவ அமைப்பு இப்படிப்பட்ட விவசாய ஊழியர்களுக்காகவே இருக்கிறது, தான்சானியாவின் அரூஷாவில் அவர்களுக்கு மையம் உண்டு. அவர்களிடம் கேளுங்கள்.

ஒரு சபை மூப்பர்: மலாவியில் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பிறகு எதற்கு மிஷனெரி?

ஸ்காட்லாந்து மிஷன்கள் 1875, 76-லேயே அங்கே வந்தன. நம் சபைகளைவிட ஆள் நிறைந்த சபைகள் அங்கே உண்டு. அதனால்தான் அங்குள்ள திருச்சபை அழைத்தால் மட்டும் போக வேண்டும், அவர்களுடைய தலைமைக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். ஏரியின் தென்கரையில் யாவோ மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்கள் வயலுக்கும் அதே விதை, அதே உழைப்பு. விதை மூட்டையைக் காட்டி ஆராதனைக்குக் கூப்பிடுவது நம் ஆண்டவருக்கே அவமானம். யாராவது ‘நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள்’ என்று கேட்டால், அப்போது ஒளிக்காமல் இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள். விசா விண்ணப்பத்திலும் அதே நேர்மை. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யக் கூடாது.

சபைப் பொருளாளர்: பணம் எவ்வளவு தாங்க வேண்டும்?

தொகை மிஷனோடு பேச வேண்டியது. ஆனால் நான்கு பேருக்கும் திரும்பி வர டிக்கெட் பணமும், அவசர மருத்துவத்துக்கான காப்பீடும் கையில் இல்லாமல் அவர்களை அனுப்பாதீர்கள். மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பு அடிக்கடி சரிகிறது, வருடத்துக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

குடும்பத் தலைவர் மறுபடியும்: புறப்பட இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. எங்கே பயிற்சி எடுக்க?

தஞ்சாவூர் வாய்க்கால் பாசனத்தில் அல்ல. கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் மானாவாரி செய்கிற குடும்பங்களோடு ஒரு முழுப் பருவம் இருங்கள். மழைக்காகக் காத்திருப்பது, புழுதியில் விதைப்பது, மழை பின்வாங்கினால் எதை மாற்றி விதைப்பது என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். துவரையும் சோளமும் உங்கள் கையாலேயே போடுங்கள். கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்து போடக் கற்றுக்கொள்ளுங்கள், அந்த நோய் அங்கேயும் கூண்டைக் காலி செய்கிறது. சைக்கிள் பஞ்சர் ஒட்டவும் கைப்பம்பைக் கழற்றி வாஷர் மாற்றவும் பழகுங்கள். உங்கள் மனைவியும் கூட வரட்டும், வயலில் பாதி வேலைக்கு மேல் செய்கிற பெண்களிடம் அவர்தான் பேசப்போகிறார்.