லுபான் வந்த டிசம்பர்

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் குமரி மாவட்டத்து வள்ளவிளைப் பக்கம். பள்ளி ஆசிரியை. பிள்ளைகளோடு சேர்ந்து ‘திமிங்கலங்களைக் காப்போம்’ என்று ஒரு சுவரொட்டி வரைந்தோம். வீட்டுத் திண்ணையில் காயப் போட்டிருந்தேன். அப்பா பார்த்தார். நாற்பது வருஷமாகத் தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவர். “திமிங்கலத்தக் காப்பாத்த ஆளு உண்டு. நம்மளக் காப்பாத்த ஆருண்டு மக்களே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. நாங்களெல்லாம் திமிங்கலத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

சுவரொட்டியில் என்ன திமிங்கலம் என்று நீங்கள் எழுதவில்லை. பனிப்பாறைக்கு நடுவே மூச்சைப் பீய்ச்சும் நீலத் திமிங்கலமாகத்தான் இருக்கும். படம் தேடினால் அதுதான் முதலில் வருகிறது. அதைப் பார்த்து அப்பாவுக்கு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை. நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

2017 நவம்பரில் ஓமானின் மசீரா வளைகுடாவில் ஒரு பெண் கூன்முதுகுத் திமிங்கலத்தின் மேல் ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக்கோள் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு லுபான் என்று பெயர். அரபியில் லுபான் என்றால் குந்திரிக்கம். உங்கள் ஊர்க் கோயிலில் தூபத்துக்குப் போடுவார்களே, அதேதான். அந்த டிசம்பரில் லுபான் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியக் கரைப் பக்கம் வந்தது. அப்புறம் தெற்கே நம் குமரி முனை வரைக்கும் இறங்கிவிட்டு ஓமானுக்கே திரும்பிப் போனது. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை ஊர் ஊராகக் கரையில் நின்று, கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தீர்களே, அதே டிசம்பர். இந்தத் தேதிகளைச் சேர்த்துப் பார்த்த அன்று எனக்கு மேலே படிக்க ஓடவில்லை.

மற்றக் கடல்களின் கூன்முதுகுத் திமிங்கலங்கள் இரை தேடித் துருவக் கடலுக்கும், குட்டி போட வெப்பக் கடலுக்கும் வருஷா வருஷம் போய்வரும். அரபிக்கடல் கூட்டம் மட்டும் இந்தக் கடலை விட்டு எங்கும் போவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வந்து மத்தி பெருகுகிறதே, அந்த இரை இங்கேயே கிடைத்துவிடுகிறது. சுமார் 70,000 வருஷமாக மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் தனியாகவே இருக்கின்றன என்று மரபணு ஆய்வு சொல்கிறது. அதாவது, அப்பாவைப் போலவே அவையும் ஆடிக்காற்றை நம்பிப் பிழைப்பவை.

1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வந்து இந்தக் கூட்டத்தில் 242-ஐக் கொன்றன. அந்தக் கணக்கை மறைத்து வைத்திருந்தார்கள். 1990களில்தான் வெளியே வந்தது. ஓமான் கரையில் வால் அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாகப் படமெடுத்து எண்ணிப் போட்ட மதிப்பீடு 82. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டி போடும் உயிர். கூட்டம் நிமிர எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வணிக வேட்டைக்கு 1986-லேயே உலக அளவில் தடை வந்துவிட்டது. நார்வேயும் ஜப்பானும் இன்னும் பிடிக்கின்றன என்பது வேறு கதை. இங்கே இன்றைக்கு ஈட்டி இல்லை, வலையும் கப்பலும்தான்.

வலையைப் பற்றி அப்பாவிடம் பூசி மெழுக வேண்டாம். கடலில் மிதக்கவிடும் வழிவலையில் மாட்டினால் திமிங்கலம் மூச்சு முட்டிச் சாகும், தப்பினாலும் வாலடியில் வலை அறுத்த தழும்பு நிற்கும். மீனவர்களுக்கும் வலை போன நஷ்டம். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அப்பா ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். அவர் வலை போடாமல், நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிப் போடும் ஆயிரங்கால் தூண்டில்காரராக இருந்தால் கொஞ்சம் சுலபமாகவே ஒத்துக்கொள்வார்!

ஆனால் கப்பல் விஷயம் அப்படியில்லை. ராத்திரியில் வந்து மீன்பிடிப் படகை இடித்துவிட்டு, இடித்தது தெரியாமலோ தெரிந்தோ, நிற்காமல் போகிற கப்பலைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திமிங்கலத்தை இடிப்பதும் அதே கப்பல்தான். இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பால் நீலத் திமிங்கலங்கள் மேயும் இடத்தின் மேலேயே உலகின் பெரிய கப்பல் பாதை போகிறது. பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளுங்கள் என்று ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். 2022-இல் எம்.எஸ்.சி என்ற மிகப்பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தள்ளி விட ஆரம்பித்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 2008 முதல் சில பகுதிகளில், சில மாதங்களில், பெரிய கப்பல்கள் மணிக்கு 10 கடல்மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் திமிங்கலத்துக்காகக் கேட்டு வாங்கியவை. குமரிக்குத் தெற்கே மீன் வளம் மிகுந்த வெட்ஜ் பேங்க் பக்கம் எண்ணெய் தேடுவதை உங்கள் ஊர்கள் எதிர்க்கின்றன அல்லவா, அதிலும் அப்படித்தான். கடலடியைச் சோதிக்க வெடிக்கும் காற்றுத் துப்பாக்கியின் சத்தம், காதை வைத்தே பிழைக்கும் திமிங்கலத்துக்குத்தான் முதல் இடி.

ஆகவே திமிங்கலத்துக்கு ஆள் உண்டு என்று அப்பா சொன்னது சரி. அந்த ஆட்கள் கப்பலிடம் கேட்டது என்ன என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்: தள்ளிப் போ, மெதுவாகப் போ. அப்பா கேட்பதும் வேறொன்றும் இல்லையே.

அடுத்த சுவரொட்டிக்குப் பனிப்பாறை வேண்டாம். அரபிக்கடல் படம் ஒன்றை வரைந்து, லுபான் வந்த வழியையும் கப்பல் போகும் பாதையையும் பிள்ளைகளைக் கோடு போடச் சொல்லுங்கள். அப்பா தூண்டில் போடும் இடங்களை அவரையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அவர் கடலில் திமிங்கலம் பார்த்திருப்பார். உங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.