புராஸ்டேட்டை எடுத்த பிறகு சிறுநீர் கசியுமா?

கேள்வி: எனக்கு வயது 63. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 8.4, பயாப்ஸியில் (திசுப் பரிசோதனை) க்ளீசன் எனும் புற்றின் தீவிர அளவு 7 (3+4). புற்றுநோய், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டவில்லை என்கிறார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்கிறார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்த என் நண்பர் வயிற்றின்மேல் பிளாஸ்டிக் பையோடு வாழ்கிறார். எனக்கும் அப்படி ஆகுமா? ரோபோ முறை நல்லதா?

பதில்: உங்கள் நண்பருக்கு நடந்தது வேறு அறுவை சிகிச்சை. சிறுநீர்ப்பையின் தசைக்குள் புற்று இறங்கிவிட்டால் அந்த உறுப்பையே அகற்ற நேரிடும். உங்களுக்கு எடுக்கப்போவது புராஸ்டேட்டையும் விந்துப்பைகளையும்தான். சிறுநீர்ப்பையைச் சிறுநீர்க்குழாயோடு மீண்டும் தைத்துவிடுவார்கள். வயிற்றின்மேல் பை தேவைப்படாது.

தையல் ஆற ஒன்றிரண்டு வாரம் கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) இருக்கும். அதை எடுக்கும் நாள்தான் பலரைக் கலங்கடிக்கிறது. படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. எழுந்தால், இருமினால் சொட்டும். எல்லாம் கெட்டுவிட்டது என்று அன்றே மனமுடைந்து போகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். சிறுநீரை அடக்க உதவிய மேல் தடுப்பு புராஸ்டேட்டோடு போய்விட்டது. கீழே உள்ள சுருக்குத்தசை தனியாகச் சமாளிக்கப் பழக வேண்டும். பெரும்பாலோருக்கு 3 முதல் 12 மாதங்களில் கட்டுப்பாடு திரும்புகிறது. சிலருக்குக் கொஞ்சம் கசிவு நிலைத்துவிடுவதும் உண்டு. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. இடுப்புத்தளப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள்: சிறுநீரை அடக்குவதுபோல் 5 நொடி இறுக்கித் தளர்த்துங்கள், வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்காதீர்கள். கத்தீட்டர் உள்ளபோது மட்டும் வேண்டாம்.

நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கலாம், நான் சொல்லிவிடுகிறேன். விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் இருபுறமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றினாலும் விறைப்பு திரும்ப இரண்டு ஆண்டு வரை ஆகலாம். எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. விந்து வெளிவராது. மனைவியோடு சேர்ந்து இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

ரோபோ முறையில் ரத்த இழப்பு குறைவு. ஆனால் ரோபோ முறையையும் வயிற்றைத் திறந்து செய்யும் வழக்கமான முறையையும் ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் பெரிய வித்தியாசமில்லை. கருவியைவிடக் கைதான் முக்கியம். ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அவசரமும் வேண்டாம். பரவாத புராஸ்டேட் புற்றுநோயில் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு மூன்றையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வில், 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் ஏறக்குறைய 3 சதவீதமே. ஆகவே கதிர்வீச்சு நிபுணரையும் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.