அகலமான ஸ்கீயை வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க

அகலமான ஸ்கீயை (பனியில் சறுக்கும் பலகை) வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க நினைக்கிறீர்கள், ஆனால் வான்கூவர் வாடகைக் கடைகளில் 80 மி.மீ.க்கு மேல் இடை அகலம் (பலகையின் நடுப்பகுதி அகலம்) உள்ளது கிடைக்கவில்லை என்கிறீர்கள். கனடாவின் பனிச்சறுக்கு ஊரான விஸ்லரின் மலையடிவாரக் கடைகளில் சாதாரண வாடகை ஸ்கீ வேண்டாம், ‘டெமோ’ ஸ்கீ (வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கத் தரும் ஸ்கீ) வேண்டும் என்று கேளுங்கள். வான்கூவரில் உங்களுக்கு அது கிடைக்காததற்கு, நகரத்து வாடகைக் கடைகள் பெரும்பாலும் தொடக்கநிலையாளர்களை எண்ணியே சரக்கு வைப்பது காரணமாக இருக்கலாம்.

டெமோ ஸ்கீயின் பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) பெரும்பாலான பூட்ஸ்களின் அடிநீளத்துக்கு ஏற்ப நகர்த்திப் பொருத்த முடியும் என்பதால், ஒரே நாளில் 100, 108, 115 மி.மீ. இடை அகலம் என மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். பூட்ஸின் குதிகால் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் அந்த அடிநீளத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். அங்கேயே வாங்கினால் டெமோ கட்டணத்தை விலையில் கழிப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பல கடைகள் கழிக்கின்றன.

புதுப்பனி விழுந்த நாளில் எந்த அகலமான ஸ்கீயும் அருமையாக மிதக்கும். அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இறுகிய பனியிலும் ஓட்டி, திரும்பும்போது ஸ்கீயின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற அது எவ்வளவு தாமதிக்கிறது என்று பாருங்கள்.